எட்டு குண்டு பல்பு

எங்கள் தெருவில் யாருக்கும் மின்சாரம் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாததில் தப்பில்லை. எனக்கும் எத்தனையோ தெரியாது. ஆனால் தெரியாது என்பதுகூடத் தெரியாமல் நாள் முழுக்கப் பேசுகிறார்களே, அதைத்தான் சகிக்க முடியவில்லை. விளக்கு மங்கினால் கரண்ட் கம்மி என்பார்கள். மோட்டார் புகைந்தால் கரண்ட் ஜாஸ்தி என்பார்கள். வோல்ட் என்று ஒன்று இருக்கிறது, ஆம்பியர் என்று ஒன்று இருக்கிறது, முதலாவது குறைந்தால் மோட்டார் இரண்டாவதை அதிகமாக இழுத்துச் சூடாகும் என்று சொல்லிப் பாருங்கள். பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

நான் ஜெயசுதா. சிங்கவரத்தில் வீடு, செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு வந்து பதினாறு வருஷமாக இதுதான் என் தொழில். எங்கள் ஊர்க்காரன் மோட்டார் எரிந்தால் முதலில் ஆம்பளைகள் கடைக்குத்தான் கொண்டுபோவான். அங்கே கட்டி, பத்தாவது நாள் மறுபடி எரிந்த பிறகு என்னிடம் தூக்கிக்கொண்டு வருவான். ஒரு தடவை பாரேன் சுதா என்பான், என்னவோ எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி.

தெருவில் இருபத்து மூன்று வீடுகளுக்கு மூன்று ஃபேஸ் லைன். எல்லாம் நிலபுலன் உள்ள வீடுகள். ஒவ்வொரு வீட்டு நடையிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்புகிற சுவிட்ச் இருக்கும். எந்த ஃபேஸில் வெளிச்சம் நன்றாக வருகிறதோ அதில் வீட்டைப் போட்டுக்கொள்ளலாம். மார்கழியில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு இத்தனை வீட்டுக்கும் வெந்நீர் வேண்டும். வாளித் தண்ணீரில் ஹீட்டர் ராடைத் தொங்கவிடுவார்கள். ஒரு ராடு ஆயிரத்து ஐந்நூறு வாட். இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர். விளக்கு மங்கும். யாராவது ஒருவர் வாசலுக்கு வந்து மூணாவதுல நல்லா வருது என்று குரல் கொடுப்பார். தெருவே போய் மூன்றாவதுக்குத் திருப்பும். இருபத்து மூன்று ராடும் ஒரே கம்பியில் ஏறினால் நூற்றைம்பது ஆம்பியர். டிரான்ஸ்பார்மரில் அந்த ஃபேஸின் ஃபீஸ் போய்விடும். உடனே எல்லாரும் இரண்டாவதுக்குத் தாவுவார்கள். அதுவும் போகும். ஆட்டுமந்தைகூட இவ்வளவு ஒழுங்காகப் பள்ளத்தில் விழாது.

இதைப் போன வருஷமே ரங்கநாதனிடம் சொன்னேன். அவர்தான் தெருவுக்குப் பெரிய தலை, பால் சொசைட்டிக்குத் தலைவர். எட்டு வீடு ஒன்றில், எட்டு வீடு இரண்டில், மிச்சம் மூன்றில் என்று பிரித்துக்கொண்டு யாரும் சுவிட்சைத் தொடாமல் இருந்தால் ஃபீஸ் போகாது என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, நீ போய்க் காயில் கட்டும்மா, இதையெல்லாம் கரண்ட் ஆபீஸ்காரன் பார்த்துக்கொள்வான் என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்த ஜனங்கள் வாய் திறந்து கேட்டாலொழிய இனி ஒரு வார்த்தை சொல்வதில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

பூவாயிக்கும் எனக்கும் ஒரே வயது. ஐந்தாவது வரை ஒரே வகுப்பு. அவள் வீட்டுக்காரன் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனவன், அங்கேயே ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டான். பன்னிரண்டு வருஷமாக ரங்கநாதன் நிலத்தில் களை எடுத்து, மணிலாக்கொட்டை பிடுங்கிக் காலம் தள்ளியவள் பூவாயி. இந்த வருஷம் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நானூறு நாட்டுக்கோழிக் குஞ்சு இறக்கினாள். பயிற்சி வகுப்பில் கால்நடை டாக்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் சூடு. நானூறு குஞ்சுக்கு எண்ணூறு வாட். நூறு வாட் குண்டு பல்பு எட்டு. தகரக் கூண்டுக்குள் வரிசையாகத் தொங்கவிட்டு, ராத்திரி பகல் பார்க்காமல் எரித்தாள். மூன்று வாரம் அந்தச் சூட்டில் பிழைத்துவிட்டால் அப்புறம் குஞ்சு தானே வளர்ந்துவிடும். இது மட்டும் தேறினால் இனி யார் நிலத்திலும் குனிய மாட்டேன் என்று என் கடைக்கே வந்து சொன்னாள்.

அவள் குனியாதது ரங்கநாதன் வீட்டுக்குப் பொறுக்கவில்லை. அவர் மனைவி மீனம்பாள், கூப்பிட்ட குரலுக்கு வந்தவள் இப்போது கோழிப்பண்ணை முதலாளி ஆகிவிட்டாள் என்று பால் ஊற்ற வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பூவாயி வீட்டுக்கு ஒரே ஃபேஸ்தான். அது மூன்றாவது. அவளுக்குத் திருப்ப சுவிட்சும் கிடையாது, தாவ இடமும் கிடையாது. மார்கழி பிறந்து நாலு நாள் தொடர்ந்து மூன்றாவது ஃபேஸ் விடியற்காலையில் போனது. லைன்மேன், தெருவுக்குள் யார் லோடு ஏற்றுகிறீர்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கத்திவிட்டுப் போனார். லோடு என்றதும் அத்தனை பேர் கண்ணும் பூவாயி கொட்டகையில்தான் போய் நின்றது. அங்கேதானே பகலிலும் பல்பு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பால் சொசைட்டி வாசலில் தெரு கூடியது. நியாயம் சொல்ல வாத்தியார் நெடுமாறன் வந்தார். தெருக்கோடி மாடி வீட்டுக்காரர். ஏதோ ஒரு தனியார் பள்ளியில் பிசிக்ஸ் எடுக்கிறார், சாயங்காலம் டியூஷன். தெருவில் யாருக்கு ஜுரம் வந்தாலும், யார் பத்திரம் எழுதினாலும் இவரைத்தான் கேட்பார்கள். இவரும் கூசாமல் சொல்வார். கையில் ஒரு புது மல்டிமீட்டர் வைத்திருந்தார். அதைப் பிடித்திருந்த அழகைப் பார்த்தாலே தெரிந்தது, ஆன்லைனில் வாங்கி அன்றைக்குத்தான் பிரித்திருக்கிறார் என்று.

வயரிங் வேலை செய்கிற பாவாடையை அனுப்பிக் கொட்டகையிலிருந்து ஒரு பல்பைக் கழற்றி வரச் சொன்னார். பல்பின் தலையிலேயே நூறு வாட், இருநூற்று முப்பது வோல்ட் என்று அச்சடித்திருந்தது. அதைப் படித்துக் காட்டிவிட்டு, கம்பெனிக்காரன் ஆயிரம் போடுவான், நாம் அளந்துதான் நம்ப வேண்டும் என்றார். பல்பின் அடியில் மீட்டர் முனைகளை வைத்தார். நாற்பது ஓம் ரெசிஸ்டன்ஸ் காட்டியது. சொசைட்டிக் கரும்பலகையில் பால் விலை எழுதியிருந்ததைக் கையாலேயே அழித்துவிட்டு, சாக்பீஸால் போட ஆரம்பித்தார். வோல்ட்டை ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் ஆம்பியர். இருநூற்று முப்பதை நாற்பதால் வகுத்தார், ஐந்தே முக்கால். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். ஆயிரத்து முந்நூற்று இருபத்திரண்டரை. அதை எட்டால் பெருக்கினார். பத்தாயிரத்து ஐந்நூற்று எண்பது வாட் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

தெரு வாயைப் பிளந்தது. பத்தாயிரம் என்றால் பத்தாயிரம்தான், அது எருமையா எள்ளா என்று யார் கேட்டது?

வகுத்தலும் சரி, பெருக்கலும் சரி. போட்ட எண்தான் தப்பு. அணைந்து கிடக்கிற பல்பை அளந்தால் நாற்பது ஓம்தான் காட்டும். எரியும்போது உள்ளே இருக்கிற இழை பழுக்கிறது. பழுத்தால் அதன் ரெசிஸ்டன்ஸ் பதின்மூன்று மடங்கு ஏறிவிடும். எரிகிற பல்புக்கு ஐந்நூற்று இருபத்தொன்பது ஓம். அதில் ஓடுவது அரை ஆம்பியர்கூட இல்லை. எட்டு பல்பும் சேர்ந்து மூன்றரை ஆம்பியர், ஒரு ஹீட்டர் ராடு குடிப்பதில் பாதி. ஐ.டி.ஐ.யில் முதல் வருஷம் சேர்ந்த எல்லாரும் ஒரு தடவை இந்தத் தப்பைச் செய்துவிட்டுத் தலையில் குட்டு வாங்குவோம். இந்த மனுஷன் இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறார், ஒருவரும் குட்டவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சும்மாவா?

நான் புங்கமரத்தடியில் ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். என் ஸ்கூட்டி டிக்கியில் கிளாம்ப் மீட்டர் இருந்தது. எரிகிற பல்புக்குப் போகும் ஒயரை அது கவ்வினால் போதும், ஓடுகிற ஆம்பியரை அப்படியே சொல்லிவிடும். அரை நிமிஷ வேலை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்குச் சிரிப்பாக இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், சந்தோஷமாகவே இருந்தது.

பூவாயிக்கு அந்தப் பலகையில் இருந்தது எதுவும் விளங்கவில்லை. பல்பில் நூறு என்றுதானே போட்டிருக்கிறது, டாக்டர் சொன்னபடிதானே மாட்டினேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நீ வாத்தியாரைவிடப் படித்தவளா என்று மீனம்பாள் அதட்டினாள். பூவாயி ரங்கநாதன் பக்கம் திரும்பினாள்.

"குஞ்சுக்கு ஒம்போது நாளுதான் ஆவுது பெரிப்பா. இன்னும் ரெண்டு வாரம் வுட்ருங்க. பனியில செத்துப்பூடும்."

ரங்கநாதன் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்று, பெரிய மனசு பண்ணி, ஒரு பல்பு மட்டும் எரித்துக்கொள்ளட்டும், அதுவே ஆயிரத்து முந்நூறு வாட், தாராளம் என்றார். கணக்கையும் அவரே போட்டார், கருணையையும் அவரே காட்டினார். கூட்டத்துக்கு அந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடித்திருந்தது.

பாவாடை ஏணியை எடுக்கப் போகும்போது பூவாயி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நானும் பார்த்தேன். இவளும் கேட்கவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. கண்ணால் பார்த்தால் போதுமா, வாய் இல்லையா? காயில் கட்டுகிறவள் ஒருத்தி இங்கே நிற்கிறாள், அவளை ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொன்னால் என்ன? நாளைக் காலை பூவாயியின் ஏழு பல்பு இல்லாமலே ஃபீஸ் போகும், அப்போது வாத்தியார் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் எல்லாம் இருந்தது, குஞ்சைத் தவிர. ஒரு ராத்திரிதானே, சாக்கைப் போட்டு மூடிச் சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் ஐந்து முப்பத்தைந்துக்கு ஃபீஸ் போனது. நான் விழித்துக்கொண்டு அதற்காகத்தான் காத்திருந்தேன். ஏழு மணிக்கு லைன்மேன் வந்து ஃபீஸ் போட்டுவிட்டுத் திட்டிவிட்டுப் போன பிறகு, தெரு மறுபடி சொசைட்டி வாசலில் நின்றது. அந்த மிச்ச ஒரு பல்பையும் பிடுங்கிவிட வேண்டியதுதான் என்றார் வாத்தியார். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் ரங்கநாதன் என்னைப் பார்த்தார்.

"நீ இன்னா சொல்ற சுதா?"

ஒரு வருஷமாக நான் காத்திருந்த கேள்வி. கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு முதலில் வாத்தியார் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன். குளியலறை கீசரைப் போடச் சொல்லி, ஒயரில் மீட்டரைக் கவ்வவிட்டேன். பன்னிரண்டு புள்ளி ஆறு. எண்ணை ரங்கநாதனையே படிக்க வைத்தேன். வாத்தியார் வீட்டு நடையிலிருந்த சுவிட்சையும் காட்டினேன். அது மூன்றாவதில் இருந்தது. பிறகு முந்தின நாள் கழற்றிச் சொசைட்டியில் வைத்திருந்த ஏழு பல்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பாவாடையைக் கூட்டிக்கொண்டு பூவாயி கொட்டகைக்கு நடந்தேன். முப்பது பேர் என் பின்னால் வந்தார்கள். சாமி ஊர்வலத்தில் முன்னால் போகிறவள் மாதிரி போனேன்.

பூவாயி தகரக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஓர் உரச் சாக்கு, பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. ஒரு பல்பு சூட்டுக்காக நானூறு குஞ்சும் ஒரே இடத்தில் முண்டியடித்திருக்கின்றன. மேலே ஏறினவை மிதிக்க, அடியில் போனவை மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன. தூரத்தில் நின்றவை குளிரில் விறைத்திருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து, காதில் வைத்துப் பார்த்து, சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். சாம்பல் கொட்டிய கரி அடுப்பு ஒன்று மூலையில் கிடந்தது. ஏதேதோ செய்து பார்த்திருக்கிறாள். உயிரோடு நின்றது நாற்பது இருக்கலாம்.

இதைப் பார்த்த பிறகு நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முப்பது பேர் பின்னால் இருந்தார்கள். பாவாடையிடம் பல்புகளைக் கொடுத்து மாட்டச் சொன்னேன். எட்டும் எரிந்தன. மீட்டரைக் கவ்வவிட்டு எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தேன்.

"மூணு புள்ளி நாலு. எட்டும் சேந்து உங்க கீசர்ல கால்வாசிதான், சார்."

வாத்தியார் மீட்டரைக் கிட்டத்தில் வந்து பார்த்தார். டெம்பரேச்சர் கூடினால் ரெசிஸ்டன்ஸும் கூடும், அதை நேற்று கணக்கில் எடுக்க விட்டுவிட்டேன் என்றார், பரீட்சைத் தாளில் அரை மார்க் போனதைச் சொல்கிற குரலில். அவருக்கே தெரிந்த விஷயம். வருஷா வருஷம் நடத்துகிற பாடம். அப்போது அந்த ஆளின் மேல் எனக்கு வந்த இளப்பத்தை அளக்க எந்த மீட்டரும் கிடையாது. வாயைத் திறந்தேன், நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க.

பூவாயி சாக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வாத்தியாரை அவள் பார்க்கவே இல்லை.

"நேத்து மரத்தடியில நிக்கும்போது இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மீட்டரு?"

"வண்டியிலதான் இருந்தது." பிறகு, சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றையும் சொன்னேன். "நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், பூவாயி."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை. ஒன்று புரியாமல் திரும்பத் திரும்பப் படிக்கிறவள் பார்க்கிற பார்வை.

"இன்னா கேக்கணும்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, நான் ஏன் உன் மூஞ்சியப் பாக்கப்போறேன்? அவரு தெரியாம செஞ்சாரு. நீ தெரிஞ்சிகினே நின்ன."

அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்து அடுத்த குஞ்சை எடுத்தாள். அது செத்திருந்தது.

பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வாத்தியாரும் போனார், அவர் நடையில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ரங்கநாதன் என் வீட்டுக்கே வந்து, யார் எந்த ஃபேஸில் இருக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மார்கழி முடிகிற வரைக்கும் ஒரு நாள்கூட ஃபீஸ் போகவில்லை. தெருவில் இப்போது எனக்குத் தனி மரியாதை. மீனம்பாள் என்னை மேடம் என்கிறாள். எரிந்த மோட்டார் முதலில் என் கடைக்குத்தான் வருகிறது.

பொங்கல் கழிந்த மறு வாரம் பூவாயி ரங்கநாதன் நிலத்துக்குக் களை எடுக்கப் போனாள். காலையில் நான் செஞ்சிக்குப் போகிற நேரமும் அவள் வேலைக்குப் போகிற நேரமும் ஒன்று. ஸ்கூட்டியை நிறுத்தினால் ஓரமாக ஒதுங்கி வழி விடுகிறாள், முன்பின் தெரியாதவர்களுக்கு விடுகிற மாதிரியே. முட்டாள்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. ஆனால் அந்தத் தெருவில் அன்றைக்கு முப்பது முட்டாள்களும், எல்லாம் தெரிந்த ஒரு கேடுகெட்டவளும் நின்றோம். முட்டாள்களை அவள் மன்னித்துவிட்டாள்.